லோடு கொடுத்தால் நின்றுவிடும் கால்

டெல்டாவில் மேடு கிடையாது. கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 25 மீட்டர், தஞ்சாவூர் 60க்குப் பக்கம், நடுவில் இருக்கிற நாற்பது கிலோமீட்டரில் அந்த ஏற்றம் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. எங்களுக்கு மலை என்றால் ரயில்வே மேம்பாலம்தான். கோயம்புத்தூர் பக்கத்து சைக்கிள்காரர்கள் இதைக் கேட்டால் "உங்களுக்கென்னப்பா, சமதரை, ஜாலி" என்பார்கள். ஏற்றம் இல்லாத ஊரில் இறக்கமும் இருக்காது என்பது அவர்களுக்குத் தோன்றாது. இறக்கம் இருந்தால்தானே காலுக்கு ஓய்வு? இங்கே கிளம்பினதிலிருந்து வீடு திரும்புகிற வரைக்கும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 90 சுற்று என்று வைத்தால் மணிக்கு 5,400. நாலு மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு காலும் இடுப்பில் இருபதாயிரம் தடவைக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் இடது கால் மரத்துப்போய் வலுவிழந்ததற்கு இதுதான் அடிப்படை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குறுவை போனது.

தொழில், கும்பகோணத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. பில்டர் பாயிண்டுக்கு, அதாவது வயலில் இறக்குகிற ஆழமில்லாத குழாய்க் கிணற்றுக்கு, ஓடுகிற அஞ்சு எச்பி, ஏழரை எச்பி மோட்டார்கள்தான் பெரும்பாலும் வரும். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு தொடங்கும்போதே கடையில் கூட்டம் தொடங்கிவிடும், ஆற்றுத் தண்ணீரை நம்பி யாரும் நாற்றங்கால் விடுவதில்லை. அதனால் எனக்கு சைக்கிள் என்பது விடியற்காலை நாலரையிலிருந்து எட்டு மணிக்குள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கொஞ்சம் கூடுதலாக. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 200 கிலோமீட்டர் பிரவே, அதாவது நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டியிருக்கிறேன், பதிமூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் நன்றாகவே வந்து சேர்ந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த ரோடு சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம் வழியாகத் திருவையாறு. காவிரிக் கரையை விட்டு ரொம்ப விலகாத ரோடு. வைகாசிக்கு மேல் அந்த ரோட்டில் மேற்கே போனால் திருச்சி பக்கத்திலிருந்து வருகிற காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆடியில் கேட்கவே வேண்டாம்.

அந்தக் காற்றில்தான் முதலில் வந்தது. ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, கொஞ்சம் முடுக்கினால் இடது தொடையில் ஒரு இறுக்கம் தொடங்கும். தசைப்பிடிப்பு மாதிரி சுருக்கென்று இழுக்காது. தொடை உள்ளே வீங்கித் தோல் பத்தாமல் போனது மாதிரி இருக்கும். அதோடும் விடாமல் மிதித்தால் கெண்டைக்கால் கனக்கும், அப்புறம் உள்ளங்கால் மரத்துப்போகும், ஷூவுக்குள் கால் இருக்கிறதா என்று விரலை அசைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் வலு போய்விடும். நான் அழுத்துகிறேன், பெடல் இறங்க மாட்டேன் என்கிறது. வலது கால் மட்டும் இழுத்துக்கொண்டு போவதால் செயின் சத்தமே மாறிவிடும், ஒரு பக்கம் மட்டும் 'கர்ர்' என்று. பின்னால் வருகிற நண்பன் "என்னண்ணே, ஒத்தக் கால்ல மிதிக்கிறீங்க" என்று கேட்டான், அவனுக்கே காதில் விழுந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் கபிஸ்தலத்தில் டீக்கடையில் நிறுத்தி, அவர் டீயை ஆற்றிக் கையில் கொடுப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். வலி இல்லை, மரமரப்பு இல்லை, ஒற்றைக் காலில் நின்று காட்டலாம். திரும்பி வரும்போது காற்று முதுகில், மெதுவாக மிதித்தாலே வண்டி முப்பதில் போகும், ஒரு தொந்தரவும் இராது. வீட்டுக்கு வந்து "கால் வேலை செய்யலை" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனைவி நம்பினாள், ஆனால் வேறு மாதிரி. "அந்த வண்டிய வித்துட்டு எக்ஸெல்ல போங்க, கால் வேலையே செய்ய வேண்டாம்" என்றாள்.

ஊரில் கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள், அதில் பாதி உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல். பக்கத்து வீட்டு மாமா வாயு என்றார். எதிர்க் கடைக்காரர் நரம்பு சுருண்டிருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிட்டால் விட்டுவிடும் என்று ஒரு வைத்தியர் பெயரும் கொடுத்தார். எங்கள் சைக்கிள் குழுவிலோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ஃபிட் சரியில்லை. சீட்டை ஏற்று, சீட்டை இறக்கு, ஷூவைப் பெடலில் பூட்டுகிற கிளீட்டைப் பின்னால் தள்ளு. இவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் குழுவிலேயே ஒருவருக்கு விரல்கள் மரத்துப்போனது, ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கினார், போய்விட்டது. இன்னொருவருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிந்து மரத்துப்போகும், இடுப்பில் இறுக்கமாகக் கட்டிய பெல்ட் பை அங்கே வருகிற தோல் நரம்பை அமுக்கியிருக்கிறது. என் கடைப் பையனுக்குப் பாதமே தூக்க வராமல் போனது ஒரு தடவை. நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து காயில் இறக்குவான், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் எலும்பின் மேலேயே ஓடுகிற நரம்பு ஒன்று உண்டு, அது நசுங்கியிருக்கிறது. ஸ்டூல் வாங்கிப் போட்டேன், சில வாரத்தில் பாதம் திரும்பிவிட்டது. ஆக, கால் மரமரப்புக்கு ஒரே காரணம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நானும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என் தொழிலில் வந்த பழக்கம். கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது. சீட் மாற்றினேன், அதே. ஷூ மாற்றினேன், அதே. சீட் உயரத்தைக் குறைத்தேன், இறுக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது. அதை அப்போதைக்கு மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் குடும்ப டாக்டர் பொறுமையான மனிதர். சர்க்கரை பார்த்தார், தைராய்டு பார்த்தார், பி12 பார்த்தார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் போடுகிறவர்களுக்கும் பி12 குறையும், குறைந்தால் கால் மரக்கும் என்றார். என் அப்பா அந்த ரகம். எனக்கு எல்லாம் அளவில்தான் இருந்தது. காலில் உணர்ச்சி இல்லாத தேமல் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழுநோய் என்ற வார்த்தையைச் சொல்லாமலே அதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது, அதில் தப்பு ஒன்றும் இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிற நோய். பிறகு "முதுகைப் பார்த்துடலாம்" என்று எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் நிம்மதி, காரணம் கிடைத்துவிட்டது. பெல்ட், மாத்திரை, குனியாதே, சைக்கிளைத் தொடாதே. நான் சைக்கிளைத் தொடாத அந்த மாதங்களில் கால் பிரமாதமாக இருந்தது, பார்த்தீர்களா பெல்ட் வேலை செய்கிறது என்றார்கள். திரும்ப ஏறி முடுக்கின முதல் நாளே இடது தொடை பழையபடி. இங்கே ஒரு தகவல் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்குத் தட்டு பிதுங்கியிருக்கிறது, நாற்பது வயதில் 50 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அதாவது என் வயதில் ரோட்டில் போகிற பாதிப் பேரை நிறுத்தி எம்ஆர்ஐ எடுத்தால் என் ரிப்போர்ட்தான் வரும். எலும்பு டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரிடம் வருகிற நூறு பேரில் பெரும்பாலோருக்கு முதுகுதான் காரணமாக இருக்கும். ஆனால் படத்தில் ஒன்று தெரிகிறது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டுவதை என் கடையில் நான் செய்தால் விவசாயி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்துவிடுவார்.

நரம்புக்கும் பரிசோதனை நடந்தது. காலில் அங்கங்கே மின்சாரம் கொடுத்து எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பார்கள். எனக்கு இது பிடித்த விஷயம் என்பதால் அந்தத் தொழில்நுட்பரோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் நார்மல். இரண்டு காலும் ஒரே மாதிரி.

அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. எடுத்த எல்லாப் பரிசோதனையும் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து எடுத்தது. கட்டிலில் படுத்திருக்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லையே! கடையில் இது தினப்படி வழக்கு. விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார், பெஞ்சில் வைத்து சும்மா ஓட விட்டால் தேன் மாதிரி ஓடும், ஆம்ஸ், அதாவது இழுக்கிற கரண்ட், சரியாக இருக்கும். "உங்க கடையில ஓடும் தம்பி, எங்க கொல்லையில ஓடாது" என்பார். அவர் சொல்வது நிஜம். பில்டர் பாயிண்டில் மாட்டித் தண்ணீரை இழுக்க விட்டால் ஆம்ஸ் ஏறும், சூடாகும், பத்து நிமிஷத்தில் ட்ரிப். ஆற விட்டால் திரும்ப ஓடும். அந்த மாதிரி மோட்டாரை லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், வேறு வழியே கிடையாது. என் கால் அந்த ரகம்.

அதன் பிறகு இதயத் துடிப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். 140க்குக் கீழே இருக்கிற வரை எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் வராது. 155ஐத் தாண்டிப் பிடித்து வைத்தால் சில நிமிஷத்தில் தொடை இறுகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் தாமதமாக வரும், ஏரோ பாரில் குனிந்தால் சீக்கிரம் வரும். நின்றால் போய்விடும். முதுகுத் தண்டிலிருந்து வருகிற நரம்புத் தொந்தரவு பொதுவாக இப்படி நாணயமாக நடந்துகொள்ளாது, அது உடம்பு எப்படி வளைந்திருக்கிறது என்பதைப் பார்க்கும், காரில் உட்கார்ந்தாலும் வரும், இருமினால் சுண்டும், வண்டியை விட்டு இறங்கின பிறகும் மணிக்கணக்கில் கூடவே இருக்கும். உழைப்பு கூடினால் வந்து உழைப்பு நின்றால் உடனே போவது ரத்த ஓட்டத்தின் குணம்.

இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். இளம் வயதுப் பெண், கல்லூரியில் ஓட்டப்பந்தயம் ஓடினவராம். முதுகுக்குப் பயிற்சி சொல்லித் தரத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். அவர் தாளைப் படித்துவிட்டு, "சார், படி ஏறினா வருதா?" என்றார். சுவாமிமலை அறுபது படியும் மூச்சு வாங்காமல் ஏறுகிறேன் என்றேன். "நடந்தா?" வராது. "சைக்கிள்ல மட்டும், அதுவும் முடுக்கினா மட்டும்?" ஆமாம். அவர் பாதத்தின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார், இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. "இப்ப இருக்கும் சார். மிதிச்ச உடனே இருக்குமான்னு பாக்கணும்" என்று சொல்லி, திருச்சியில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கூடவே, "உங்க சைக்கிளையும் எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளோடு வா என்று சொன்ன முதல் ஆள்.

பின்சக்கரத்தை மாட்டி இருந்த இடத்திலேயே மிதிக்கிற டிரெய்னர் என்னிடம் இருந்தது, ஐப்பசி மழைக்காக வாங்கிப் போட்டது. நண்பனின் காரில் வண்டியையும் டிரெய்னரையும் ஏற்றிக்கொண்டு போய் அந்த டாக்டர் அறையில் இறக்கினோம். நர்ஸம்மா சக்கரத்துக்குக் கீழே பழைய நியூஸ்பேப்பர் விரித்தார், தரையில் கறை படக்கூடாதாம்.

பரிசோதனை ரொம்ப எளிமை. கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கணுக்காலிலும் கட்டுவார்கள், பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியைப் பாதத்தில் வைத்தால் ரத்தம் போகிற சத்தம் கேட்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். படுத்திருக்கும்போது எனக்குக் கையில் 124, இரண்டு கணுக்காலிலும் 130க்குப் பக்கம், ஆக ஒன்றுக்கு மேலே, அருமை. அப்புறம் வண்டியில் ஏறி, ஆடிக் காற்றை நினைத்துக்கொண்டு, ஏரோ பாரில் குனிந்து மிதித்தேன். தொடை இறுகியது, கெண்டை கனத்தது, உள்ளங்கால் போனது, "டாக்டர், வந்துடுச்சு" என்றேன். "இன்னும் ஒரு நிமிஷம்" என்றார். இறங்கின உடனே படுக்க வைத்தார்கள். வலது பாதத்தில் கருவியை வைத்ததும் உஷ் உஷ் உஷ் என்று இஞ்சின் மாதிரி. இடது பாதத்தில் வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் ஜெல் போட்டு நகர்த்தி வைத்தார், அப்போதும் இல்லை. அப்புறம் எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். கை 180, வலது கணுக்கால் 150, இடது 80. நல்ல காலிலும் உழைப்புக்குப் பிறகு அந்த எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யுமாம், அதனால் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வலதில் 0.83, இடதில் 0.44. சில நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்தால் இடதும் பழைய அளவுக்கு வந்துகொண்டிருந்தது. என் நண்பன் அந்த இரண்டு சத்தத்தையும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான்.

நோய்க்குப் பெயர் எக்ஸ்டர்னல் இலியாக் ஆர்ட்டரி எண்டோஃபைப்ரோசிஸ். இதயத்திலிருந்து இறங்கி வருகிற பெரிய குழாய் தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பக்கமும் திரும்ப ஒரு கிளை பிரிந்து இடுப்புக்குள்ளே போக, மீதி தொடை மடிப்புக்கு அடியில் புகுந்து காலுக்குப் போகிறது. அந்தக் கடைசித் துண்டுதான் விஷயம். குனிந்து உட்கார்ந்து மிதிக்கும்போது அந்த இடம் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்குகிறது, பக்கத்தில் சைக்கிள்காரர்களுக்குப் பருத்துப்போகிற, தொடையைத் தூக்குகிற சோவாஸ் தசை வேறு நெருக்குகிறது. வருஷக்கணக்கில் இப்படி மடங்கி மடங்கி, உள்சுவர் நார் மாதிரி தடித்துக் குழாய் குறுகிவிடுகிறது, சிலருக்குக் குழாய் நீண்டு வளைந்தும் போகும். கொழுப்பு படிந்து வருகிற அடைப்பு வேறு, இது வேறு, என் கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சும்மா இருக்கும்போதும் நடக்கும்போதும் குறுகின குழாயிலேயே போதுமான ரத்தம் போய்விடும். முழு வேகத்தில் மிதிக்கும்போது தசை பல மடங்கு கேட்கும், அப்போது தர முடியாது. தசை பட்டினி கிடந்தால் வலு போகும், நரம்பு பட்டினி கிடந்தால் மரக்கும். சீட்டைத் தாழ்த்தியபோது ஏன் சீக்கிரம் வந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது: சீட் தாழ்ந்தால் முழங்கால் இன்னும் மேலே வரும், இடுப்பு இன்னும் மடங்கும். காலை மடக்கி வைத்துக்கொண்டே எடுத்த டாப்ளர் ஸ்கேனிலும் பிறகு சிடி ஆஞ்சியோவிலும் அந்த இடம் தெரிந்தது. சைக்கிள்காரர்களில் இது வலதை விட இடது பக்கம்தான் அதிகம் வருகிறதாம்.

மருத்துவ இதழ்களில் இது பேசப்பட்டதே 1980களில்தான், பிரான்ஸில் பந்தய வீரர்களைப் பார்த்த மருத்துவர்கள் விரிவாக எழுதினார்கள். அதனால் ஊர் டாக்டருக்குத் தெரியவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை. பந்தய உலகத்தில் இது தெரிந்த நோய்தான். ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் ஓ'கிரேடி 2002இல் அறுவை செய்துகொண்டு, 2007இல் பாரிஸ்-ரூபே பந்தயத்தை ஜெயித்தார். இத்தாலியின் ஃபாபியோ ஆருவுக்கு 2019இல் நடந்தது. அதே 2019இல் பிரான்ஸின் போலின் ஃபெராண்ட்-ப்ரெவோவுக்கும் நடந்தது, அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம் வாங்கினார், 2025இல் பெண்கள் டூர் டி பிரான்ஸே ஜெயித்துவிட்டார். இதைச் சொன்னபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "நீங்க டூர் போறீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி கிண்டல் இல்லை என்று பிறகு புரிந்தது. அறுவை என்றால் வயிற்றின் கீழ்ப் பக்கம் திறந்து, குழாயைப் பிளந்து, தடித்த உள்சுவரைச் சுரண்டி எடுத்து, காலிலிருந்து எடுத்த சிரைத் துண்டை ஒட்டுப் போட்டு அகலப்படுத்துவார்கள். பெரிய வேலை. இதயத்துக்கு வைக்கிற மாதிரி ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்று என் மைத்துனர் கேட்டார், எல்லாருக்கும் தோன்றுகிற கேள்விதான். அந்த இடம் இருபதாயிரம் தடவை மடங்குகிற இடம், அங்கே கம்பி வலை நசுங்கலாம், முறியலாம், திரும்ப அடைக்கலாம், அதனால் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அதை விரும்புவதில்லை என்றார் டாக்டர். பந்தயம்தான் பிழைப்பு என்கிறவர்களுக்கு அறுவை. என்னைப் போல மோட்டார் கடை பிழைப்பும் விடியற்காலை சைக்கிளும் என்று இருப்பவர்கள், லோடைக் குறைத்துக்கொள்ள முடியுமென்றால், கண்காணித்துக்கொண்டு ஓட்டலாம். குறுகின இடத்தில் ரத்தம் உறைவதும் உள்சுவர் கிழிவதும் அபூர்வமாக நடக்கும், அதனால் கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டுப் போய் வலித்தால், ஓய்விலும் விடாமல் வலித்தால், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னதை மனைவியைக் கூப்பிட்டு இன்னொரு தடவையும் சொன்னார்.

அவசரம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் கதை மெதுவான கதை, நான் மாதக்கணக்கில் ஆராய்ச்சி செய்ய முடிந்தது. எல்லா மரமரப்புக்கும் அந்த அவகாசம் கிடையாது. திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுந்தால், வாய் கோணினால், 108. இரண்டு காலிலும் தொடங்கி மரமரப்பும் பலவீனமும் நாளுக்கு நாள் மேலே ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீட்டில் உட்காருகிற இடம் முழுக்க உணர்ச்சி போய், சிறுநீர் வராமலோ கட்டுப்படாமலோ போனால் அதுவும் அன்றைக்கே, முதுகுத் தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதால் வருவது அது, தாமதித்தால் திரும்பாது. இதை எல்லாம் ஃபிட் சரியில்லை என்று சீட்டைத் திருகிக்கொண்டு இருக்கக் கூடாது.

நான் வண்டியில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுக்காக: இடுப்பு குறைவாக மடங்க வேண்டும். ஹேண்டில்பாரை ஏற்றினேன். சீட்டைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சம் முன்னால் தள்ளினேன். கிராங்க், அதாவது பெடலைத் தாங்குகிற கை, 172.5 மில்லிமீட்டர் இருந்தது, 165 போட்டேன், காசு வலித்தது. பெடலை மேலே இழுத்து மிதிக்கிற பழக்கத்தை விட்டேன், கிளிப் ஷூ போட்டவர்களுக்கு அது தானாக வந்துவிடும், விடுவது கஷ்டம். இதயத் துடிப்பு 145ஐத் தொட்டால் மீட்டர் கத்தும்படி வைத்திருக்கிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கே போவதில்லை, மயிலாடுதுறை பக்கம் கிழக்கே போய், மேற்குக் காற்று வலுப்பதற்குள் திரும்பிவிடுவேன், அதற்கும் வெயில் ஏறுவதற்குள் வர வேண்டும் என்பதால் நேரம் பொருந்திவிடுகிறது. குழுவில் எல்லாரும் முடுக்கும்போது பின்தங்குவது முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். பூம்புகார் போய்த் திரும்பிய அன்று என்னை விடப் பத்து வயது மூத்தவர் மேம்பாலத்தில் முந்திக்கொண்டு போனார், கையை வேறு ஆட்டினார்.

டாக்டரிடம் போகிற சைக்கிள்காரர்களுக்கு என் அனுபவத்தில் உதவியது அந்த ஒரு தாள்தான். "கால் மரக்குது" என்று மட்டும் சொன்னால் முதுகில்தான் தொடங்குவார்கள். எந்த வேகத்தில், எந்த உட்காரலில், எத்தனை நிமிஷத்தில் வருகிறது, நின்ற பிறகு எத்தனை நிமிஷத்தில் போகிறது, தொடையில் தொடங்குகிறதா பாதத்திலா, ஒரு காலா இரண்டுமா என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் யோசிக்கிற திசையே மாறும். முடுக்கும்போது மட்டும் வந்து, நின்றதும் போகிறது என்றால், மிதித்த பிறகு கணுக்கால் அழுத்தம் பார்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

வருஷத்துக்கு ஒரு டாப்ளர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தை அறுவடை முடிந்து கடையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்துப் போவேன். எண் இன்னும் இறங்கினால் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்று வீட்டில் முடிவு, அதாவது மனைவி முடிவு. ஏரோ பார் இனி எனக்கு வேண்டாம். அலுமினியம், கீறல் இல்லை, முழங்கைப் பஞ்சு மட்டும் கொஞ்சம் நைந்திருக்கும். கும்பகோணம் பக்கம் இடுப்பு நன்றாக மடங்குகிற இளவட்டம் யாராவது இருந்தால் கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், பாதி விலை.